குஞ்சு மீனுக்கு ஏலம் இல்லை

கழக மண்டபத்து வாசலில் மச்சாள் வந்து நின்ற அந்த மாலை இன்னும் என் கண்ணுக்குள் அப்படியே இருக்கிறது. சந்தையிலிருந்து நேரே வந்திருந்தார். சேலைத் தலைப்பில் மீன் செதில்கள் ஒட்டியிருந்தன. ஐந்தோ ஆறோ இருக்கும். உள்ளே பதினேழு ஆண்கள் இருந்தோம். எங்கள் உதைபந்தாட்டக் கழகத்தின் கூட்டத்துக்கு அதுவரை ஒரு பெண்ணும் வந்ததில்லை. வரக்கூடாது என்று யாரும் சொன்னதும் இல்லை, வரலாம் என்று யாரும் நினைத்ததும் இல்லை. தலைவர் பேச்சை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். மச்சாள் படியைத் தாண்டவில்லை. கதவு நிலையில் ஒரு கையை ஊன்றியபடி, "அந்தப் பரிசுக்கு என்ரை மனுசன்ரை பேர் வைக்க வேண்டாம்" என்றார்.

மச்சாள் என்று நான் சொல்வது என் அண்ணையின் மனைவியை. நான் பத்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது அவர் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தார். குருநகர்க் கரையில் எங்களுடையது தலைமுறை தலைமுறையாகக் கடலுக்குப் போகும் குடும்பம். அந்த வீட்டில் கடலுக்குப் போகாமல் தப்பியவன் நான் ஒருவன்தான். கணிதம் படித்து, வட்டுக்கோட்டைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் முப்பத்தொரு வருடம் கணிதமே படிப்பித்து ஓய்வு பெற்றேன். எதைக் கண்டாலும் எண்ணுகிற பழக்கம் எனக்குச் சிறுவயதிலிருந்தே உண்டு. அண்ணை கடலில் கெட்டிக்காரர். மைதானத்தில் அதைவிடக் கெட்டிக்காரர்.

எங்கள் மைதானத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அதில் பாதி மணல். நிலத்தோடு தட்டிவிட்ட பந்து நாலு முழம் போவதற்குள் சோர்ந்துவிடும். அதனால் எங்கள் ஆட்கள் பந்தை மேலே தூக்கியே விளையாடப் பழகினார்கள். கடலை விட்டு உள்ளே இருக்கிற தோட்டக் கிராமங்களிலிருந்து வருகிற குழுக்கள் காலால் விளையாடும், நாங்கள் தலையால் விளையாடுவோம். கோர்ணர் உதை வந்தால் கரை முழுவதும் "தலை, தலை" என்று ஒரே குரலில் கத்தும். அந்தக் கத்தலுக்குள்ளிருந்து அண்ணை எழும்புவார். மற்றவர்கள் துள்ளி இறங்கத் தொடங்கியபிறகும் அவர் இன்னும் மேலே போய்க்கொண்டிருப்பதுபோல் இருக்கும். அவர் தலையால் அடித்த கோல்கள் நாற்பத்து மூன்று. இது என் கணக்கு. கழகத்தில் ஐம்பது என்பார்கள். அது அன்பினால் கூட்டிய கணக்கு.

அந்தத் துள்ளல் அவருக்குச் சும்மா வரவில்லை. கடற்கரையில் வலைகளும் சாமான்களும் வைக்கிற எங்கள் வாடியின் கூரை வளையில், ஒரு பழைய வலைத்துண்டுக்குள் பந்தைப் போட்டுக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். கடலால் வந்து, மீன் விற்று, வலை உதறி முடிந்ததும் அதற்குக் கீழே போய் நின்று துள்ளித் துள்ளி முட்டுவார். அந்தக் காலத்துத் தோல் பந்து ஈரத்தைக் குடிக்கும். கடற்காற்றில் ஊறி ஊறித் தேங்காய்போலக் கனக்கும். அது நெற்றியில் படுகிற சத்தம் எங்கள் வீட்டு முற்றம் வரைக்கும் கேட்கும். மச்சாள் மீன் வெட்டிக்கொண்டிருப்பார். சத்தம் வருகிற ஒவ்வொரு முறையும் அவருடைய கத்தி ஒரு கணம் நிற்கும். அண்ணை விளையாடிய பதினான்கு வருடத்தில் மச்சாள் ஒரு நாளும் மைதானத்துக்கு வந்ததில்லை. ஏன் என்று கேட்டால், "பந்து மேலை போனா எனக்குக் கண்ணை மூடத்தான் வரும். கண்ணை மூடிக்கொண்டு பாக்கிறதுக்கு ஏன் அவ்வளவு தூரம் வாறது" என்பார்.

அண்ணைக்கு அறுபத்து நான்கு வயதில் மறதி தொடங்கியது. கடலிலிருந்து திரும்பும்போது எங்கள் கத்தோலிக்கக் கோயில் கோபுரத்தை அடையாளம் வைத்துத்தான் கரை பிடிப்பது வழக்கம். ஒரு நாள் விடிய அவருடைய வள்ளம் பக்கத்துக் கரையில் போய் ஏறியது. அங்கிருந்தவர்கள், "என்ன அண்ணை, கோயில் பங்கு மாறிட்டியளோ? சாமியாருக்குச் சொல்லிப்போட்டே வந்தனீங்கள்?" என்று பகிடி விட்டார்கள். அண்ணையும் சிரித்தாராம். மூன்றாவது தடவையும் அதே கரையில் போய் ஏறியபோது யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் அவரோடு வள்ளத்தில் ஏறி, வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டார்கள். கரையில் வெயில் மண்டையில் அடித்த வியாதி என்றார்கள், உப்புக்காற்று என்றார்கள். தலையில் எண்ணெய் வைத்தோம், நேர்த்தி வைத்தோம். பிறகு அவர் என்னை எங்கள் தகப்பனாரின் பெயரால் கூப்பிடத் தொடங்கினார். ஒன்பது வருடம் அப்படியே போனது. மச்சாள் ஒரு நாளும் அவரைத் திருத்தவில்லை. அவர் எந்தப் பெயரால் கூப்பிட்டாலும் அந்தப் பெயருக்கு "ஓம்" என்று வந்து நிற்பார்.

ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர் எங்களோடு ஆறுதலாக இருந்து கதைத்தார். பந்துதான் இதைச் செய்தது என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். பந்தைத் தொடாதவர்களுக்கும் இந்த நோய் வருகிறது. ஆனால் தலையில் திரும்பத் திரும்பப் படுகிற சின்னச் சின்ன அடிகளைப் பற்றி இப்போது வைத்தியர்களுக்குப் பயம் வந்திருக்கிறது என்றும், சில நாடுகளில் சின்னப் பிள்ளைகளைத் தலையால் அடிக்கவே விடுவதில்லை என்றும், பெரியவர்களுக்கும் பயிற்சியில் ஒரு அளவு வைத்திருக்கிறார்கள் என்றும் விளங்கப்படுத்தினார். நான் இதுவா அதுவா என்று திட்டமான விடையொன்று எதிர்பார்த்துப் போனவன். எனக்கு அது கிடைக்கவில்லை. மச்சாளுக்கு அவ்வளவே போதுமாக இருந்தது.

அண்ணை காலமாகி ஒரு வருடம் முடிகிற நேரம், கழகத்தார் கோயில் பெருநாள் சுற்றுப்போட்டியில் அவர் பெயரில் ஒரு பரிசு வைப்பது என்று தீர்மானித்தார்கள். தலையால் அடிக்கிற மிகச் சிறந்த கோலுக்கு அந்தப் பரிசு. அண்ணை துள்ளி நிற்கிற பழைய படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி போடுவதற்கும் கொடுத்திருந்தார்கள். செய்தியைச் சொல்லப் போனவன் நான். மச்சாள் முழுக்கக் கேட்டார். பிறகு, "தம்பி, நீங்கள் எல்லாம் எண்ணுற ஆள். அவர் எத்தினை தரம் தலையாலை அடிச்சிருப்பார்?" என்று கேட்டார். நாற்பத்து மூன்று என்றேன். "கோலை ஆர் கேட்டது? எல்லாம்" என்றார்.

எல்லாம் என்று நான் ஒரு நாளும் எண்ணியதில்லை. கரையில் ஒருவரும் எண்ணியதில்லை. வாடிக்குள் நடந்தது எங்களுக்குக் கணக்கிலேயே வரவில்லை. ஒரு நாளைக்குக் குறைந்தது முப்பது, கிழமைக்கு ஆறு நாள். காற்றுக் காலத்தையும் தவக்காலத்தையும் கழித்தால் வருடத்துக்கு நாற்பது கிழமை. பதினான்கு வருடம். மனதால் பெருக்கினேன். பிழை விட்டேனோ என்று திரும்பவும் பெருக்கினேன். ஒரு இலட்சத்து எண்ணூறு வந்தது. போட்டிகளில் அடித்தது அதற்குப் புறம்பு. சொல்லலாமா விடலாமா என்று தயங்கிவிட்டுத்தான் சொன்னேன். மச்சாள் வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தார். "பலகைக் கதவைக்கூட ஒரு லட்சம் தரம் தட்டினா அது தாங்குமோ, தம்பி?" என்றார். அடுத்த நாள்தான் அவர் கழக வாசலில் வந்து நின்றது.

தலைவர் அன்பாகத்தான் பேசினார். கழகத்துக்குப் பெயர் வந்ததே அண்ணையின் தலையால் என்றும், அவருக்கு மரியாதை செய்யத்தானே இவ்வளவு பேரும் நிற்கிறோம் என்றும் சொன்னார். "மரியாதை செய்யுங்கோ" என்றார் மச்சாள். "ஆனா தலையாலை அடிச்சவனுக்குப் பரிசு எண்டா, நாளைக்கு இந்தக் கரையிலை உள்ள பெடியள் முழுக்க வாடிக்கு வாடி பந்து கட்டுவாங்கள். அவர் ஒரு லட்சத்து எண்ணூறு தரம் அடிச்சவர். தம்பி கணக்குப் பாத்தவர், கேளுங்கோ." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து வகுப்பில் சொல்வதுபோல ஒவ்வொரு படியாகச் சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒருவர், அப்படியென்றால் வெயிலுக்குள் கடலுக்குப் போகிறவனுக்கும் மண்டை காயத்தானே செய்கிறது, தொழிலை விடுகிறதோ என்று கேட்டார். சிரிப்பு எழும்பியது. மச்சாள் அவரைத் தேடிப் பிடித்துப் பார்த்தார். "காயும் எண்டு தெரிஞ்சுதானே தலைப்பா கட்டிக்கொண்டு போறியள்."

கழகத்தின் கோச் அப்போது முப்பத்தைந்து வயது மட்டிலான ஆள். கடற்தொழில்தான். அண்ணையிடம் பந்து பழகியவர். அண்ணையின் சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் ஒருவர். அவர் எழும்பி, தலையை முழுக்க விட்டால் இந்த மணலில் ஆட்டமே ஆட முடியாது என்று சொன்னார். "பயிற்சியிலை ஒரு அளவு வைப்பம், மாமி. கிழமைக்கு ஒராளுக்கு அம்பது."

மச்சாள் வாய் திறக்கவில்லை.

எங்கள் கரையில் மீன் ஏலம் பார்த்தவர்களுக்கு அந்த மௌனம் தெரியும். ஏலம் கூறுபவர் விலையை உயரத்தில் தொடங்குவார். கேட்பார் இல்லாவிட்டால் இறக்குவார். மச்சாள் நாற்பது வருடமாக அந்த ஏலத்தில் நின்று மீன் எடுத்துச் சந்தையில் விற்றவர். அவர் உதட்டை மூடிக்கொண்டு வேறெங்கோ பார்த்தபடி நின்றால், விலை தானாகவே இறங்கும் என்று கரையில் ஒரு பேச்சு இருந்தது. கோச் நாற்பது என்றார். மச்சாள் வெளியே காகத்தைப் பார்த்தார். முப்பது. சேலைத் தலைப்பிலிருந்த செதிலை நகத்தால் சுரண்டினார். இருபது என்றபோது மண்டபத்தில் எல்லோருக்கும் நடப்பது விளங்கிவிட்டது. தலைவர்கூடச் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். "பத்து. அதுக்குக் கீழை ஏலாது மாமி, சத்தியமா ஏலாது" என்றார் கோச். மச்சாள் தலையை ஆட்டினார். மீன் எடுத்தபிறகு மேலதிகமாக ஒன்று கேட்பதுபோல, தலையில் அடிபட்டவன் எழும்பி நின்று எவ்வளவு வடிவாகக் கதைத்தாலும் அன்றைக்குத் திரும்ப இறங்கக்கூடாது என்பதையும் கேட்டு வாங்கினார்.

"அப்ப சின்னப் பெடியளுக்கு? பன்னிரண்டு வயசுக்குக் கீழை?" என்று கோச் கேட்டார். "அஞ்சு?"

"குஞ்சு மீனுக்கு ஏலம் இல்லை, மோனை. அதைக் கடலிலை விடுறது."

அண்ணையின் பெயர் கடைசியில் அந்தச் சின்னப் பிள்ளைகளின் கிண்ணத்துக்குத்தான் போனது. தலையால் அடித்தால் எதிர்ப்பக்கத்துக்கு உதை என்பது அந்தச் சுற்றுப்போட்டியின் முதல் விதி. அழைப்பு அனுப்பிய கழகங்களில் இரண்டு வரமாட்டோம் என்றன. பெரிய பெடியள் வெளியே விளையாடப் போன இடமெல்லாம் "கண்ணாடித் தலையார் வந்திட்டினம், பாத்துத் தூக்குங்கோ" என்ற கத்தல் கேட்டது. பயிற்சியில் பத்து எண்ணுகிற வேலை எனக்கு வந்தது. ஒருவன் பதினோராவது அடித்தால் நான் விசில் ஊதுவேன். வசைச் சொற்களும் வாங்கியிருக்கிறேன். எழுபது வயதில் அந்தக் காற்றில் நின்று எனக்குச் சளி பிடித்ததுதான் மிச்சம் என்று அப்போது நினைத்ததும் உண்டு.

விதி எழுதுவது சுலபம். அது எங்களிடம் விலை கேட்கிற நாள், விதி வந்தபிறகு இரண்டாவது பெருநாளில் வந்தது. இறுதியாட்டம், எங்கள் பெரிய குழுவும் பக்கத்துக் கரையும். கிண்ணம் எங்கள் கைக்கு வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. இரண்டு பக்கத்திலும் கோல் இல்லை, மாற்று ஆட்களை எல்லாம் இறக்கி முடிந்துவிட்டது, பத்து நிமிடம் மட்டில் மிச்சம். உயர்ந்து வந்த பந்துக்கு எங்கள் முன்வரிசைப் பெடியனும் அவர்களுடைய பின்வரிசைக்காரனும் ஒன்றாகத் துள்ளினார்கள். தலையும் தலையும் மோதிய சத்தம் எனக்கு வாடியை நினைவூட்டியது. மற்றவன் தேய்த்துக்கொண்டு எழும்பினான். எங்கள் பெடியனும் எழும்பினான், சிரித்தான், ஒன்றும் இல்லை என்று கையைக் காட்டினான். பிறகு நடந்துபோய் எங்கள் கோல் காப்பாளனுக்கு முன்னால், எங்கள் கோலைப் பார்த்தபடி, அடிக்க ஆயத்தமாக நின்றான்.

கோச் உள்ளே போனார். "எந்தப் பக்கம் அடிக்கிறாய், சொல்லு" என்று கேட்டார். பெடியன் யோசித்துவிட்டுக் கடலைக் காட்டினான்.

கோச் அவனைத் தோளோடு அணைத்து வெளியே நடத்தினார். பத்துப் பேரோடு விளையாடப் போகிறோம் என்று கரைக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. பிறகு எழும்பிய சத்தத்தை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பிறகும் கேட்டதில்லை. மாமியைக் கேட்டுத்தான் ரீம் நடத்துகிறாயோ என்றார்கள், வளையல் வாங்கித் தருகிறோம் போட்டுக்கொள் என்றார்கள். பெடியனின் தகப்பன் கோட்டைத் தாண்டி ஓடிவந்து மகனின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். "அவன் நல்லாத்தான் நிக்கிறான், விடு கோச். ஆறு வருசம்." கோச் இருவருக்கும் நடுவில் போய் நின்றார். "அடிக்கிறதெண்டா என்னை அடியுங்கோ அண்ணை. இவன் இண்டைக்கு இறங்கமாட்டான்" என்றார். மச்சாள் பெண்களோடு கோயில் மதிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். சின்னவர்களின் கிண்ணத்தைக் கொடுக்க வந்தவர், கண்ணை மூடாமல் கோச்சையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தோற்றோம். கோர்ணர் உதையில், தலையால் அடித்த கோலில்தான் தோற்றோம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே பெடியன் மூன்று தரம் வாந்தி எடுத்தான்.

அடுத்த நாள் காலையில் எனக்கு வீட்டில் இருக்க முடியவில்லை, கரைக்குப் போனேன். கோச்சின் வள்ளம் வந்து மீன் இறங்கியது. நல்ல மீன், பாரையும் விளைமீனும். கூறுபவர் விலையைச் சொன்னார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பேரம் பேசுகிற மௌனம் அல்ல அது. எல்லோரும் கோச்சுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். கூறுபவர் விலையை இறக்க வாயெடுத்தார். அதற்குள், "நில்லுங்கோ, முதல் சொன்னதுக்கே எனக்கு" என்று ஒரு குரல் கேட்டது. நாற்பது வருடத்தில் மச்சாள் முதல் கூறிய விலைக்கு மீன் எடுத்ததை அந்தக் கரை அன்றைக்குத்தான் கண்டது. கூறுபவர் சரியாகத்தான் கேட்டேனா என்பதுபோல் விழித்தார்.

அந்த நேரத்தில் பெடியனின் தகப்பன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துசேர்ந்தார். இரவு முழுக்க நித்திரை இல்லாத முகம். மகன் கண் முழித்துக் கதைக்கிறான் என்றும், அந்தத் தலையில் அன்றைக்கே இன்னொரு அடி விழுந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும் என்று டொக்டர் சொன்னதாகவும் பக்கத்தில் நின்ற யாருக்கோ சொன்னார். பிறகு கோச்சின் வள்ளத்துக்குப் போய், மீன் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். மற்றப் பக்கத்தைக் கோச் பிடித்தார். இருவருமாக அதைத் தூக்கிக்கொண்டு போய் மச்சாளின் காலடியில் வைத்தார்கள். கரை மெல்லத் திரும்பி நின்றது.

எங்கள் கழகம் எடுத்த கிண்ணங்கள் இருபத்தாறு. ஒவ்வொன்றும் எந்தப் பெருநாளில், எத்தனை கோலால் என்று கேட்டால் சொல்வேன். அவை எல்லாவற்றுக்கும் மேலே நான் வைப்பது அந்தத் தோல்வியை. அப்படி ஒரு தோல்வியைத் தாங்கிக்கொள்ள ஒரு கரைக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று பெருக்கிப் பார்க்க என்னிடம் கணக்கு இல்லை. அதை எங்களிடம் பேரம் பேசி வாங்கியவர் எங்கள் வீட்டு மச்சாள் என்று நினைக்கும்போது, பிரஷர் குளிசை போடுவதைக்கூட மறந்துவிடுகிறேன்.

பெடியன் நான்கு மாதம் கழித்துத் திரும்ப விளையாட வந்தான். அடுத்த வருடம், வரமாட்டோம் என்ற இரண்டு கழகங்களில் ஒன்று ஆள் அனுப்பி விதியைக் கேட்டு வாங்கிப் போனது. மற்றது இன்னும் எங்களைக் கண்ணாடித் தலையார் என்றுதான் சொல்கிறது, சொல்லட்டும்.

இந்த வருடம் சின்னவர்களின் இறுதியாட்டம் எங்களுக்கும் நீர்வேலிப் பிள்ளைகளுக்கும். அவர்களுடைய தாய்மார் வாழைக்குலையோடு பஸ்ஸில் வந்திறங்கினார்கள். மச்சாளுக்கு இப்போது எழுபத்தாறு வயது, முழங்கால் பிடிக்கிறது. கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருத்தினோம். நான் பக்கத்தில் நின்றேன். இரண்டாம் பாதியில் நீர்வேலிக் காப்பாளன் உதைத்த பந்து காற்றில் ஏறி, வெயிலுக்குள் போய், எல்லோருக்கும் நடுவில் இறங்கத் தொடங்கியது. அதற்குக் கீழே ஏழெட்டுப் பிள்ளைகள். ஒருவரும் துள்ளவில்லை. இரண்டு அடி பின்னால் வைத்து, அண்ணாந்து, காத்து நின்றார்கள். பந்து மணலில் விழுந்து எழும்பியது. எங்கள் சிறுவன் ஒருவன் நெஞ்சால் அதை வாங்கிக் காலடியில் இறக்கிக்கொண்டு ஓடினான். கரை கத்தியது.

"என்ன தம்பி, எண்ணேல்லையோ?" என்றார் மச்சாள்.

"எண்ண ஒண்டும் இல்லை, மச்சாள்."

"அப்ப உந்தக் கதிரையைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துவிடுங்கோ. எனக்குக் கோல் தெரியேல்லை."